பதினான்கு அடி என்பது எங்கிருந்து?

2012 அக்டோபர் 29ஆம் நாள் இரவு, நியூயார்க் நகரின் தென்முனையிலுள்ள பேட்டரி என்னும் இடத்தில், சாண்டி புயலால் ஏறிவந்த கடல்நீரை அங்குள்ள ஓதமானி பதிவு செய்தது. அந்த நீரின் உச்சி ஒன்றுதான். ஆனால் ஆவணங்களில் அதற்கு நான்கு உயரங்கள் உண்டு. நாள்தோறும் வரும் தாழ் ஓதங்களுள் மிகத் தாழ்ந்தவற்றின் சராசரியிலிருந்து அளந்தால் சுமார் 14 அடி. அமெரிக்க நில அளவையாளர்களின் தேசிய மட்டத்திலிருந்து அளந்தால் 11 அடிக்குச் சற்று மேல். புயலே வராதிருந்தால் அந்நேரத்தில் இருந்திருக்க வேண்டிய ஓத மட்டத்திலிருந்து அளந்தால் 9.4 அடி. உயர் ஓதங்களுள் மிக உயர்ந்தவற்றின் சராசரியிலிருந்து அளந்தால் 9 அடி. நான்கும் சரியான எண்கள். கீழ்மன்ஹாட்டனில் தரைத்தளத்தில் குடியிருந்த ஒருவருக்குத் தெரிய வேண்டியிருந்ததோ ஐந்தாவது எண்: என் வீட்டு வாசலில் நீர் முழங்கால் வரை நிற்குமா, தலைக்கு மேல் நிற்குமா?

கடந்த சில மாதங்களாகப் புயல்கால எச்சரிக்கைகளின் மொழியைப் பற்றிப் படித்துவருகிறேன். மொழியியலில் முதுகலை முடித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர்களுக்கு, கடலியல் கருத்தரங்குகளில் அமர்ந்திருப்பது சற்று வேடிக்கையான அனுபவம். வலைக்கண்ணின் அளவை இன்னும் எவ்வளவு சிறியதாக்கலாம் என்பதைப் பற்றி ஐந்து கட்டுரைகள் வாசிக்கப்படும். வெளிவந்த எண்ணை யாரிடம், எந்த வாக்கியத்தில் சொல்வது என்பதைப் பற்றி ஒன்று வந்தால் அது தேநீர் இடைவேளைக்கு முந்தைய கடைசி இடத்தில் இருக்கும். இந்த வரிசை தலைகீழானது என்பதே இப்பதிவில் நான் சொல்ல விரும்புவது. கணினி மாதிரிகளைக் குறைத்துப் பேசுவதற்காக இதை எழுதவில்லை. அவற்றின் மீது எனக்குள்ள மதிப்பினாலேயே எழுதுகிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். புயல்காற்று கடல்நீரைக் கரையை நோக்கித் தள்ளிக் குவிக்கும்போது கடல்மட்டமே உயர்ந்து ஊருக்குள் ஏறுவதையே இங்கே பேசுகிறோம். இதைக் 'கடலேற்றம்' என்று இப்பதிவில் அழைக்கிறேன். சொல்லைப் பற்றிய வழக்கைக் கடைசியில் பார்க்கலாம். காற்றழுத்தம் குறைவதாலும் நீர் உயரும் என்பது உண்மை. ஆனால் அதன் பங்கு சிறிது: ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தக் குறைவுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். கத்ரீனா கரையேறியபோது அதன் மைய அழுத்தம் 920 ஹெக்டோபாஸ்கல். அழுத்தத்தால் மட்டும் உயர்ந்திருக்கக்கூடியது ஒரு மீட்டருக்கும் குறைவு. மிசிசிப்பி மாநிலக் கரையிலுள்ள பாஸ் கிறிஸ்டியன் ஊரில் பதிவானதோ 27.8 அடி, அதாவது எட்டரை மீட்டர். மிச்சம் முழுவதும் காற்றும் ஆழமற்ற கடற்படுகையும் சேர்ந்து செய்த வேலை. கடற்படுகை எவ்வளவு தூரத்துக்கு ஆழமின்றிக் கிடக்கிறது, கரை எந்தக் கோணத்தில் வளைகிறது, புயல் எவ்வளவு அகலமானது, எவ்வளவு விரைவாக நகர்கிறது, எந்தத் திசையிலிருந்து வருகிறது ஆகிய அனைத்தும் கூடித்தான் நீரின் உயரத்தை முடிவு செய்கின்றன. மனக்கணக்கில் அடங்காத இந்தக் கூட்டல் கணினிக்கு அடங்குகிறது.

அமெரிக்க வானிலைச் சேவையில் செஸ்டர் ஜெலஸ்னியான்ஸ்கியும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய ஸ்லாஷ் என்னும் மாதிரி இத்துறையின் மூத்த குடிமகன். எழுபதுகளில் வந்த ஸ்பிளாஷ் என்பதற்குப் பின்வந்தது அது. அது கேட்கும் உள்ளீடுகள் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு: புயலின் பாதை, வேகம், மைய அழுத்தம், உச்சக் காற்று வீசும் வளையத்தின் ஆரம். இவற்றைச் சரியாகக் கொடுத்தால் விடை சுமார் இருபது விழுக்காட்டுக்குள் பிழையோடு வரும் என்பது பொதுவான மதிப்பீடு. பிற்காலத்தில் வெஸ்டரிங்க், லூட்டிக் ஆகியோர் உருவாக்கிய ஆட்சர்க் போன்ற மாதிரிகள் முக்கோண வலைகளைக் கொண்டு கால்வாய்களையும் கழிமுகங்களையும் இன்னும் நுணுக்கமாகக் காட்டுகின்றன. மகிழ்ச்சி. ஆனால் 'இவற்றைச் சரியாகக் கொடுத்தால்' என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். புயல் கரையேறுவதற்கு இரண்டு நாள் முன்பாக அதன் மையம் எங்கிருக்கும் என்று கணிப்பதில் சராசரிப் பிழை இன்றும் 100 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. வடகோளத்தில் கடலேற்றம் பாதையின் வலப்பக்கத்தில்தான் உச்சம் கொள்ளும். இடப்பக்கத்தில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசி, சில வேளைகளில் நீரைக் கரையிலிருந்து விலக்கியும் விடும். மையம் நூறு கிலோமீட்டர் தள்ளிப்போனால் ஒரு விரிகுடா மூழ்குவதும் வற்றுவதும் இடம் மாறிவிடும். வலைக்கண்ணை ஐம்பது மீட்டராகச் சுருக்கி இந்தப் பிழையைச் சரிசெய்ய இயலாது.

இதை அந்நாட்டினர் கையாண்ட முறையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். வரப்போகும் புயலுக்காகக் காத்திராமல், ஒவ்வொரு கரைப்பகுதிக்கும் ஆயிரக்கணக்கான கற்பனைப் புயல்களை வெவ்வேறு திசை, வேகம், வலிமை, அளவுகளில் முன்கூட்டியே ஓடவிட்டார்கள். ஒரே வகையைச் சேர்ந்த புயல்கள் ஒவ்வோர் இடத்திலும் ஏற்றிய உச்ச நீரையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு போர்வை செய்தார்கள். அதற்கு 'மியாவ்' என்று பெயர். அந்தப் போர்வைகளையெல்லாம் மீண்டும் அடுக்கியது 'மாம்'. பூனையும் அம்மாவும் தற்செயலாகச் சேர்ந்த சுருக்கப் பெயர்கள்தாம், யாரும் சிரிக்க வேண்டாம். எந்தத் தனிப் புயலும் இந்தப் போர்வையைப் போல இருக்காது. இது எந்தப் புயலின் முன்னறிவிப்பும் அன்று. இந்தத் தெருவில் இவ்வகைப் புயலால் அதிகபட்சம் எவ்வளவு நீர் ஏறக்கூடும் என்பதற்கான விடை. வெளியேற்ற மண்டலங்கள் இதிலிருந்து வரையப்பட்டன. தான் எந்த எழுத்துடைய மண்டலத்தில் வசிக்கிறோம் என்பதை ஒருவர் வெயிற்காலத்திலேயே தெரிந்துகொள்ளலாம். துல்லியத்தை விட்டுக்கொடுத்து முடிவெடுக்கும் திறனை வாங்கிய இந்தப் பேரம், மாதிரியை ஆண்டவர்களின் அறிவு. மாதிரி இதைத் தானாகச் செய்யவில்லை.

அதே நாட்டில் ஒரு சொல் பல பத்தாண்டுகளுக்குத் தீங்கு செய்தது: 'வகை'. பொறியாளர் சஃபிரும் வானிலை வல்லுநர் சிம்ப்சனும் எழுபதுகளின் தொடக்கத்தில் தந்த ஐந்து படி அளவுகோலில், ஒவ்வொரு வகைக்கும் இவ்வளவு அடி கடலேற்றம் என்ற குறிப்பும் சேர்ந்திருந்தது. காற்றின் வேகத்துக்கும் நீரின் உயரத்துக்கும் அப்படி ஒரு நேர்க்கோட்டு உறவு கிடையாது. 1969இல் மிசிசிப்பிக் கரையைத் தாக்கிய கமில் ஐந்தாம் வகை, அளவில் சிறியது. 2005இல் வந்த கத்ரீனா கரையேறும்போது மூன்றாம் வகை. அளவில் மிகப் பெரியது. கமிலைத் தாங்கி நின்ற வீடு இதையும் தாங்கும் என்று நம்பி இருந்துவிட்டவர்கள் பலர். எண்ணின் தர்க்கப்படி அவர்கள் நினைத்தது சரி. ஐந்தைவிட மூன்று சிறியது. கடல் அந்த எண்ணைப் படிக்கவில்லை. மூன்றாண்டு கழித்து வந்த ஐக், கால்வெஸ்டனில் கரையேறும்போது வெறும் இரண்டாம் வகை. பொலிவார் தீபகற்பத்தில் 15 முதல் 20 அடி நீர் ஏறி வீடுகளை அடித்தளம் மட்டும் மிஞ்சும்படி துடைத்துப் போனது. 2010இல் அந்த அளவுகோலிலிருந்து கடலேற்றக் குறிப்புகள் நீக்கப்பட்டன. ஒரு அட்டவணையிலிருந்து சில எண்களை அழித்தது என்று பார்த்தால் சிறிய செயல். என் கணக்கில், ஒரு புதிய மீத்திறன் கணினி வாங்குவதைவிடப் பெரிய செயல்.

அடுத்த பெரிய செயல், அளக்கத் தொடங்கும் இடத்தை மாற்றியது. மொழியியலில் சுட்டு என்று ஒன்றைப் படிப்போம்: 'இங்கே', 'அங்கே', 'மேலே' என்பவை பேசுபவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தே பொருள் தரும். 'பதினான்கு அடி' என்பதும் அப்படிப்பட்ட சொல்தான். அறிவியலாளர் கடலில் நின்று பேசுகிறார், கேட்பவர் வாசலில் நின்று கேட்கிறார். சாண்டிக்குப் பின் வந்த ஆண்டுகளில் அமெரிக்கத் தேசியப் புயல் மையம், கடலேற்றத்தைத் தரைக்கு மேல் எத்தனை அடி என்று சொல்லும் வழக்கத்துக்கு மாறியது. 2016 முதல் நடைமுறைக்கு வந்த வரைபடத்தில் மூன்றடி வரை நீலம், அதற்கு மேல் மஞ்சள், ஆறடிக்கு மேல் ஆரஞ்சு, ஒன்பதடிக்கு மேல் சிவப்பு. மூன்றடி என்றால் இடுப்பு, ஆறடி என்றால் தலை, ஒன்பதடி என்றால் கூரை. மனித உடம்பே அளவுகோல். 2017 முதல் கடலேற்றத்துக்கென்று தனி எச்சரிக்கை வந்தது. அதற்கு முன் புயல் எச்சரிக்கை ஒன்றே காற்றுக்கும் நீருக்கும் சேர்த்துப் பேச வேண்டியிருந்தது.

அந்த வரைபடத்தில் இன்னொரு செய்தி மறைந்திருக்கிறது. வண்ணம் காட்டும் உயரத்தை உண்மையான நீர் தாண்டுவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு மட்டுமே உண்டு. அதாவது பத்தில் ஒன்பது முறை நீர் அதைவிடக் குறைவாகத்தான் வரும். வேண்டுமென்றே அப்படி வகுத்திருக்கிறார்கள். புள்ளியியல் படித்தவர்களுக்கு இதில் குழப்பமில்லை. ஆனால் ஒன்பது முறை கூரை வரை என்று கேட்டு, ஒன்பது முறையும் இடுப்பளவே பார்த்தவருக்கு இதற்கு என்ன பெயர்? பொய். நம்மூர் மாணவர்கள் மழை விடுமுறை அறிவித்த நாளில் வெயில் அடித்தால் வானிலை மையத்தைப் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இங்கே என் நண்பர்கள் சிலர் எழுப்பும் மறுப்பு வலுவானது: உயிர் பெரிதா, நம்பகத்தன்மை பெரிதா? கூடுதலாக எச்சரித்தால் என்ன குறைந்துவிடும்? குறையும். கத்ரீனாவுக்கு நான்கு வாரம் கழித்து ரீட்டா வந்தபோது, கத்ரீனாவின் படங்களைப் பார்த்து அஞ்சியிருந்த ஹூஸ்டன் வட்டாரம் மொத்தமாகச் சாலையில் இறங்கியது. அவர்களுள் பெரும்பாலோர் கடல்நீர் எட்டவே முடியாத இடங்களில் வசித்தவர்கள். நெடுஞ்சாலைகளில் மணிக்கணக்கில், வெயிலில், எரிபொருள் தீர்ந்து நின்றார்கள். முதியோர் இல்லத்தவரை ஏற்றிச்சென்ற ஒரு பேருந்து தீப்பற்றி 23 பேர் இறந்தனர். வெளியேற்றத்தால் மட்டும் மாண்டவர்கள் நூறு பேர் அளவில். புயலின் காற்றும் நீரும் கொன்றவர்களைவிட மிக அதிகம். ஆகவே கடலேற்ற மாதிரியின் முதற்பயன் யார் ஓட வேண்டும் என்று சொல்வது. அதற்கு இணையான பயன் யார் ஓட வேண்டியதில்லை என்று சொல்வது. இரண்டாவதைத் துணிந்து சொல்ல ஒரு நிருவாகத்துக்கு மாதிரியின் மீது நம்பிக்கை வேண்டும், சொன்னபின் கேட்க மக்களுக்கு நிருவாகத்தின் மீது நம்பிக்கை வேண்டும்.

எல்லாம் திருந்திய பிறகும் 2022இல் இயன் வந்தது. புளோரிடாவின் மேற்குக் கரையில் முன்னறிவிப்புப் பாதையின் நடுக்கோடு வடக்கே டாம்பா பக்கம் போவதாகப் பல நாள் காட்டியது. தெற்கேயிருந்த லீ மாவட்டம் அந்தக் கூம்புப் படத்தின் ஓரத்தில் கிடந்தது. கூம்பு என்பது புயலின் மையம் இருக்கக்கூடிய இடத்தை மட்டுமே காட்டும்; நீர் எங்கே ஏறும் என்பதைக் காட்டாது. கடலேற்றப் படம் லீ மாவட்டத்துக்கும் ஆபத்தைக் காட்டியபடி இருந்தது. மக்கள் கண்ணிலும் தொலைக்காட்சித் திரையிலும் நின்றது கூம்புதான். அங்கே வெளியேற்ற ஆணை செப்டம்பர் 27 காலையில் வந்தது. மறுநாள் நீர் வந்தது. ஃபோர்ட் மையர்ஸ் கடற்கரையில் தரைக்கு மேல் 10 முதல் 15 அடி. மாதிரி சரியாகச் சொன்னது என்று பின்னால் எழுதிய அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை.

மாதிரி சொல்லியும் நடக்காமற்போனதற்குப் பழைய எடுத்துக்காட்டும் உண்டு. 2004 ஜூலையில் லூசியானாவில் 'பாம்' என்ற கற்பனைப் புயலை வைத்து ஐந்து நாள் ஒத்திகை நடந்தது. கரைகளுக்கு மேல் நீர் வழிந்து நியூ ஆர்லியன்ஸ் மூழ்கும், வண்டியில்லாத ஏழைகள் நகருக்குள்ளேயே சிக்குவார்கள் என்பதெல்லாம் அங்கே பேசப்பட்டவை. பதின்மூன்று மாதத்தில் கத்ரீனா வந்தது. வண்டியில்லாதவர்கள் சிக்கினார்கள். பேருந்துகள் வரவில்லை. அதன்பின் ஏறத்தாழ 14.5 பில்லியன் டாலர் செலவில் நகரைச் சுற்றிப் புதிய அரண் எழுப்பப்பட்டது. அதன் உயரமும் ஆட்சர்க் போன்ற மாதிரிகள் கணக்கிட்டதுதான். 2021இல், கத்ரீனாவின் அதே ஆகஸ்ட் 29இல், ஐடா வந்தபோது அரண் தாங்கியது. அரணுக்கு வெளியே மேற்கிலிருந்த லாப்ளேஸ் ஊர் மூழ்கியது. 2012இல் ஐசக் புயலிலும் மூழ்கிய ஊர் அது. ஒரு கோட்டை எங்கே வரைவது என்பதை மாதிரி முடிவு செய்வதில்லை. அது கோட்டின் இருபுறமும் என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்லும். அந்த அரணை 'நூறாண்டுப் புயலுக்கானது' என்று அழைக்கிறார்கள். இந்தத் தொடர் எனக்குத் தீராத எரிச்சல். ஆண்டுக்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதே அதன் பொருள். முப்பது ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையேனும் அப்படி வருவதற்கு ஏறத்தாழ நான்கில் ஒரு வாய்ப்பு. 'நூறாண்டு' என்ற சொல்லைக் கேட்பவர் பேரப்பிள்ளைகளின் கவலை என்று எடுத்துக்கொள்கிறார்.

இனிச் சொல் வழக்குக்கு வருகிறேன். 2013 நவம்பர் 8இல் ஹையான் பிலிப்பைன்ஸின் டாக்ளோபான் நகரைத் தாக்கியது. ஏழு மீட்டர் வரை கடலேற்றம் வரக்கூடும் என்ற எச்சரிக்கை முன்கூட்டியே வெளிவந்திருந்தது. எண்ணில் பெரிய தவறில்லை. ஆனால் அது ஆங்கிலத் தொடராகவே ஒலிபரப்பானது. வாராய் மொழி பேசும் ஊரில் அதன் பொருள் பலருக்கு விளங்கவில்லை. சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று தப்பியவர்கள் மீண்டும் மீண்டும் சொன்னார்கள். அடைக்கலம் தேடிய கட்டிடங்கள் சிலவற்றுக்குள்ளேயே நீர் புகுந்தது. அரசுக் கணக்கில் மட்டும் நாடு முழுதும் 6,300 பேர் மாண்டனர். மனத்தை உறுத்துவது இதுதான்: 1897இல் அதே கரையில் அதே போன்ற புயலும் கடலேற்றமும் வந்தன, மணிலா வான்ஆய்வகத்தின் ஹோசே அல்கே பாதிரியார் அதைப் பற்றி மறு ஆண்டே நூல் எழுதினார். நூல் நூலகத்தில் இருந்தது. சொல் ஊரில் இல்லை. ஹையானுக்குப் பின்னரே 'தலுயோங்' என்ற உள்ளூர்ச் சொல் எச்சரிக்கைகளில் பரவலாயிற்று.

நம் நாட்டில் இந்த வகையில் தெலுங்கர்கள் பேறு பெற்றவர்கள். அவர்களிடம் 'உப்பெனா' இருக்கிறது. 1977 நவம்பர் 19இல் கிருஷ்ணா கழிமுகத்தில் பத்தாயிரம் பேர் அளவில் கொண்டுபோன நீரைத் திவிசீமா உப்பெனா என்றே இன்றும் சொல்கிறார்கள். ஒரு சொல், ஓர் இடம், ஒரு நினைவு, விளக்கவுரை வேண்டாம். வங்காளியில் 'ஜலோச்சாஸ்' இருக்கிறது. தமிழில் என்ன இருக்கிறது? நாளேடுகளில் கடல் சீற்றம், கடல் கொந்தளிப்பு, பேரலை, புயல் அலை என்று ஆளுக்கொன்றாக வருகின்றன. சீற்றமும் கொந்தளிப்பும் மீனவர் கடலுக்குப் போகக்கூடாத சாதாரண நாளுக்கும் பயன்படுபவை. பேரலை என்றால் 2004க்குப் பின் நம் மனத்தில் வருவது சுனாமி. புயல் அலை என்பதில் அலை என்ற சொல்லே வழி தவறவைக்கிறது. வந்து திரும்பும் ஒன்றைத்தான் அலை என்கிறோம், இதுவோ வந்து மணிக்கணக்கில் நிற்கும் நீர். 1964இல் தனுஷ்கோடியை இழந்த நாட்டினர் நாம். ஆனாலும் அதைப் 'புயல்' என்ற ஒற்றைச் சொல்லில்தான் நினைவில் வைத்திருக்கிறோம். நீருக்குத் தனிப்பெயர் இல்லை.

இந்திய வானிலைத் துறையின் புயல் அறிக்கைகளில் 'வானியல் ஓதத்துக்கு மேல் சுமார் ஒரு மீட்டர்' என்ற தொடர் வழக்கமாக வரும். ஹைதராபாதிலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் மையம் ஆட்சர்க் மாதிரியையே ஓட்டுகிறது. ஐஐடி தில்லியில் உருவான மாதிரியும் நீண்டகாலம் பயன்பட்டிருக்கிறது. அறிவியலில் நாம் பின்தங்கியிருக்கவில்லை. ஒடிசாவில் 1999 பெரும்புயலில் பத்தாயிரம் பேர் அளவில் மாண்டனர். 2013இல் பைலின் வந்தபோது பத்து இலட்சம் அளவிலான மக்கள் முன்கூட்டியே நகர்த்தப்பட்டு, இறப்பு பத்துகளின் கணக்கில் நின்றது. புயல் காப்பகங்களும் பயிற்சி பெற்ற தொண்டர்களும் முன்கூட்டியே கிடைத்த அறிவிப்பும் சேர்ந்து சாதித்தது அது. ஆனால் 'வானியல் ஓதத்துக்கு மேல்' என்பதைக் கேட்கும் ஒருவர், அன்றைய ஓதம் எவ்வளவு, தன் தெரு கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்ற இரண்டையும் அறிந்து கூட்டிக் கழித்தால்தான் தன் வாசலுக்கு வந்து சேர முடியும். அந்தக் கழித்தலை மாதிரியே செய்யலாம்; நிலமட்டத் தரவு ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. விடையைத் தரைக்கு மேல் எவ்வளவு என்று அச்சிடுவதற்கு ஒரு வரி நிரலும் ஒரு நிருவாக முடிவும் போதும்.

நான் 'கடலேற்றம்' என்று எழுதியதற்குக் காரணம், 'கடல் ஊருக்குள்ளே ஏறிடுச்சு' என்று கரையோரத்தில் இயல்பாகச் சொல்வதைக் கேட்டிருப்பது. அதிலும் குறை உண்டு; ஏற்றம், வற்றம் என்று அன்றாட ஓதத்தையே குறிக்கும் ஊர்களில் இது குழப்பும். கடற்கரை ஊர்களைச் சேர்ந்தவர்கள் இப்பதிவைப் படித்தால், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்பதை ஊர்ப்பெயரோடு கீழே எழுதுங்கள். அகராதிச் சொல் வேண்டாம். புயலன்று பாட்டி கத்திச் சொல்லக்கூடிய சொல் எதுவோ, அதை எழுதுங்கள்.